உட்காராத மருமகள்

என் தம்பி மனைவி தனலெட்சுமி பெரியவர்கள் முன்னால் உட்கார மாட்டாள் என்று என் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கிற பெர்மாஸ் ஜெயாவில், எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு விருந்தாளி வந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். தன் மருமகள் ரெங்கம் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை, மாமியார் இருக்கிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததே கிடையாது என்பார் அம்மா. கேட்கிற பெண்கள் தங்கள் மருமகள்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். தனலெட்சுமி தேநீர்த் தட்டோடு கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

அவள் நின்றது மரியாதைக்காக இல்லை. உட்கார்ந்தால் வலிக்கும், அதனால் நின்றாள். மகள் பிறந்ததிலிருந்து ஆறு வருடமாக அந்த வலி. அடிவயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவே, உட்காரும் இடத்தின் உள்ளே. நாற்காலியில் உட்கார்ந்தால் கத்தியால் கீறுவது போல இருக்கும், சிறுநீர் கழித்தால் எரியும், புருஷன் தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். இதற்குத்தான் எங்கள் குடும்பம் மரியாதை என்று பெயர் வைத்து, மெச்சி, அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டது. நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் யோகேஸ்வரி. அந்தத் தம்பி ஜெயபாலனுக்கு அக்கா. அதே வரிசையில் என் வீடு தனி. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறேன். பெர்மாஸ் ஜெயாவில் வேன் ஆன்ட்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வாய் அதிகம் என்று சொல்வார்கள். அதிகம்தான். ஒரு வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது ஒருத்தி பேசித்தானே ஆக வேண்டும்?

தனலெட்சுமியின் அப்பா ஐயாசாமி ரெங்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டியவர். இவள் படிப்பை முடித்த கையோடு செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலைதான். பகல் ஷிப்ட் என்றால் விடியும் முன் கம்பெனி பஸ் வரும். அதிலும் அவள் நின்றுகொண்டேதான் போவாள். இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறாள், நல்ல பெண் என்று அங்கேயும் பெயர். வலியில் துடிக்கிற ஒருத்திக்கு இத்தனை நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க நம்மால்தான் முடியும்.

அவள் வேலை, பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன மின்பலகைகளை வைத்துப் பழுது பார்ப்பது. உயரமான ஸ்டூல். எழுந்து நின்றால் கண்ணாடி எட்டாது. அதனால் ஒரு தொடை மாற்றி ஒரு தொடையில் பாரத்தைப் போட்டு, விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்வாள். அதோடு அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. லைனில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு டேக். கழிவறைக்குப் போகிறவள் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து கொடுத்தால்தான் அடுத்தவள் போகலாம். படித்தவர்கள், குளிர்சாதன அறையில் கூட்டம் போட்டு, யோசித்துச் செய்த ஏற்பாடு இது. பெண்களின் மூத்திரத்தை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, உற்பத்தி கூடியது என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருப்பார்கள். தனலெட்சுமி அடக்கிப் பழகினாள். பிறகு அடக்கவே வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அவள் சொல்லவில்லை. ஒரு நாள் பேய் மழை. பஸ் நிற்கிற இடம் வரை வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் பின் இருக்கையில் அவள் முகத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். இருக்கையில் முழங்காலிட்டு, சாய்மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பார்த்து நின்றிருந்தாள். பள்ளிப் பிள்ளைகள்தான் அப்படிச் சேட்டை பண்ணும். என்னம்மா விளையாட்டு என்று கேட்டேன்.

"உக்கார முடியல அண்ணி," என்றாள். "பாப்பா பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்."

வண்டியை ஓரம் கட்டினேன். கம்பெனி பஸ் எங்களைக் கடந்து போய்விட்டது. அவள் பதறினாள். போகட்டும் என்றேன். அன்றைக்குத்தான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். அவள் ஏறாத கிளினிக் இல்லை. முதலில் பார்த்தவர் சிறுநீரில் கிருமி என்றார். சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அப்படியும் கிருமிக்கே மாத்திரை கொடுத்தார். திரும்பப் போனபோது திரும்பக் கொடுத்தார். அடுத்தவர் ஒரு பெண் டாக்டர். பெண்ணாயிற்றே, புரியும் என்று நம்பிப் போயிருக்கிறாள். இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லி அனுப்பினார். புருஷன் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைக்கிறது என்று சொன்னவளிடம்தான் இந்தப் புத்திமதி. கம்பெனி நர்ஸ், பிள்ளை பெற்ற பெண்களுக்கு அந்த இடம் தளர்ந்துபோகும், அதனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்துப் பயிற்சி செய் என்றிருக்கிறாள். தனலெட்சுமி சொன்னதைச் செய்கிற பிள்ளை. ஸ்டூலில், பஸ்ஸில், அடுப்படியில், எங்கே இருந்தாலும் இறுக்கினாள்.

வீட்டில் அம்மா வேறு. மகன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, மருமகள் ஒதுங்கிப் படுக்கிறாள் என்று கண்டுபிடித்து, மருந்துக் கடையிலிருந்து ஜாமு என்கிற மலாய் மூலிகைக் கஷாயம் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். பெட்டியின் மேல் படத்தில் ஒரு புதுப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். புருஷனுக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் இறுக்கிக் கொடுக்குமாம். அந்தக் கசப்பையும் தனலெட்சுமி குடித்தாள்.

கடைசியாக ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு நிபுணர். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பை கொஞ்சம் பெருத்தாற்போல இருக்கிறது, அதுதான் வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். பிள்ளைதான் ஒன்று இருக்கிறதே, எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார். ஜெயபாலன் சரி என்றான். அம்மா சரி என்றார். தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுக்க வேண்டியிருந்ததால், அது முடிந்த வாரம் என்று நாள் குறித்தார்கள். இதெல்லாம் தீபாவளிக்கு முன்னால். தனலெட்சுமிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

"உனக்குச் சம்மதமா?" என்று நான் மழையில் வேனுக்குள் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "எடுத்தா வலி போயிடும்னு சொல்றாங்க அண்ணி. வலி போனா போதும். ஆனா எனக்கு இன்னொரு புள்ள வேணும்னு ஆச," என்றாள். அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். யாரும் கேட்கவில்லை என்றாள்.

என் வேனில் ரூபினி என்று ஒரு சிறுமி வருவாள். அவளுடைய அம்மா விசாலி, பெர்மாஸ் ஜெயா கடைவீதியில் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் பிசியோதெரபி நிலையம் வைத்திருந்தாள். நகரத்தார் வீட்டுப் பெண், தணிந்த குரல். பிசியோ என்றால் முழங்கால் வலிக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் நிலையத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரும் பெண்களாகவே இருப்பதைக் கவனித்திருந்தேன். மறுநாள் காலை ரூபினியை ஏற்றும்போது, வாசலில் வைத்தே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். விசாலி ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

"ஆபரேஷன் வேணும், வேணாம்னு நான் சொல்ல முடியாதுக்கா. அத இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க," என்றாள். "ஆனா அந்த எடத்து தசைய யாராச்சும் தொட்டுப் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. ஸ்கேனைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், சிறுநீரைப் பார்த்தார்கள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கியதற்கும் மதியம் ஏற்றுவதற்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. தனலெட்சுமிக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் அவளைக் கூட்டிப்போனேன். முதல் நாள் அவள் என் கையை விடவில்லை. அதனால் நானும் திரைக்கு உள்ளேயே, அவள் தலைமாட்டில் நின்றேன். விசாலி முதலில் எலும்புப் பொம்மை ஒன்றை எடுத்து வைத்து, இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் கட்டினாற்போல ஒரு தசை இருக்கிறது, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது என்று காட்டினாள். உள்ளே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தால்தான் அதன் நிலை தெரியும் என்றாள். பிறகு சொன்னாள்:

"உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான் பார்ப்பேன். பாதியில வேணாம்னு தோணுனாலும் சொல்லுங்க, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். இன்னைக்கே பாக்கணும்னு ஒண்ணும் இல்ல."

தனலெட்சுமி அழ ஆரம்பித்தாள். இன்னும் யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. வலியில் அழாத பெண், சம்மதமா என்று கேட்டதற்கு அழுதாள். ஆறு வருடமாக எத்தனை பேர் அவளைப் படுக்க வைத்து, கால்களை விரிக்கச் சொல்லியிருப்பார்கள்! ஒருவர்கூடவா கேட்கவில்லை?

கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றாள். விசாலி கையுறை போட்டுக்கொண்டு, செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி, மெதுவாகத் தொட்டாள். ஒரு இடத்தில் லேசாக அழுத்தினாள். தனலெட்சுமியின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. இதுதான், உட்கார்ந்தால் வருகிற அதே வலிதான் என்றாள். ஆறு வருடமாக இருக்கிற இடம் தெரியாத வலிக்கு அன்றைக்கு முகவரி கிடைத்தது.

பிறகு விசாலி எங்கள் இருவரையும் கையை இறுக்கி மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பேசி முடிப்பதற்குள் என் கை கடுத்துப் போனது. விரிக்கலாமா என்று கேட்டேன். "ஒங்களுக்குக் கொஞ்ச நேரத்துக்கே இப்படி. இவங்க தசை வருஷக்கணக்கா மூடியே இருக்கு. அதுக்குத் தெறக்கத் தெரியல," என்றாள். பிள்ளைப்பேற்றில் கிழிந்து, தையல் போட்டு, அந்தப் பயத்தில் சுருங்கிய தசை. அதன் மேல் மூத்திரத்தை அடக்கி அடக்கி இறுக்கினார்கள். அதன் மேல் பயிற்சி என்று இறுக்கினார்கள். அதன் மேல் ஜாமு. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். இறுக்கு, இன்னும் இறுக்கு. இறுகியதால் செத்துக்கொண்டிருந்தவளிடம்.

பயிற்சியை நிறுத்தச் சொன்னாள். அடக்காதே, தண்ணீர் குடி என்றாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை வயிறு உப்பும்படி இழுத்து, அந்தத் தொட்டில் கீழே இறங்குவதை உணரச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் இறுகிய இடங்களை விரலால் அழுத்திப் பிடித்து, அது நெகிழும் வரை காத்திருப்பாள். அந்த வேலையைப் பார்க்கப் பொறுமை வேண்டும். எனக்கு வராது.

ஆனால் சில வாரம் ஆகியும் பெரிய முன்னேற்றம் இல்லை. படுக்கையில் நெகிழ்கிற தசை அடுத்த முறை வரும்போது மறுபடி கட்டையாக இருந்தது. விசாலி குழம்பினாள். ஒரு நாள், குளித்து உடை மாற்றி வர வேண்டாம், வேலையிலிருந்து இறங்கியபடியே நேராக வாருங்கள் என்றாள். ரூபினிக்கு அன்று பள்ளி விடுமுறை, எனக்கும் ஓட்டம் இல்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து சீருடையோடு இறங்கியவளை அப்படியே மாடிக்கு ஏற்றினேன். ஏறியதும் கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து காட்டுங்கள், லைனில் எப்படி உட்கார்வீர்களோ அப்படி, என்று விசாலி சொல்லிவிட்டு, தொடலாமா என்று கேட்டு, மூச்சைப் பார்க்க விலாவில் கை வைத்தாள். கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

சீருடைக்குள் தனலெட்சுமி கட்டப்பட்டிருந்தாள். இடுப்பெலும்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை, சுற்றிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தபாலில் அனுப்புகிற பொட்டலம் மாதிரி. பெங்குங். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மலாய் மருத்துவச்சி வந்து வயிற்றில் சுற்றிவிடுகிற நீளத் துணி. எங்கள் வீடுகளிலும் பத்தியம் இருக்கிற நாட்களில் கட்டுவதுண்டு. பத்தியம் முடிந்தால் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். இவளை யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண், கட்டு தளர்ந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று அம்மா சொன்னாராம். எதுவரை என்று சொல்லவில்லை. மகள் தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடமே போய்விட்டாள். இவள் தினமும் குளித்துவிட்டு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர்கள் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் கழிவறைக்குப் போய் அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாளாம். இங்கேயும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாளாம். பார்த்தால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்ற வெட்கம். விசாலி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மேலிருந்து அழுத்தினால் பாரமெல்லாம் கீழேதான் போகும், மூச்சும் வயிற்றுக்குள் இறங்க முடியாது என்று விளக்கினாள். இனி வேண்டாமே, நீங்களே அவிழ்க்கிறீர்களா என்று கேட்டாள். தனலெட்சுமி அவிழ்த்தாள். சுற்று சுற்றாகக் காலடியில் விழுந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் ஒரு மூச்சு விட்டாள் பாருங்கள், அது கீழே சலவைக் கடை வரை கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் நான் அம்மாவிடம் போட்ட சண்டை எங்கள் வரிசையில் எல்லாருக்கும் கேட்டது. அவிழ்த்துவிட்டால் எல்லாம் கழன்று கீழே விழுந்துவிடும் என்று அம்மா அடித்துப் பேசினார். அவர் ராஜம்மா. பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் அவருக்குப் பிறந்தவள். சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லைப் பாலத்து நெரிசலில் வண்டிப் புகை குடித்துவிட்டு வந்த ஜெயபாலன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நடுவில் வந்து நின்றான். அவனும் பாவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் பேசியது என்ன? லீவு சொல்லியாகிவிட்டதாம். ஆபரேஷனுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் ஒத்துக்கொண்டதாம். இப்போது மாற்றினால் அலைச்சலாம். அறுத்து எடுக்க இன்சூரன்ஸ் உண்டு, தொட்டுக் குணமாக்க இல்லை. இந்த அழகில் ஒரு உலகத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள், என் தம்பி அதற்கு வக்காலத்து வாங்குகிறான்.

தனலெட்சுமி சண்டையில் கலந்துகொள்ளவில்லை. மறுநாளிலிருந்து கட்டுக் கட்டாமல் வேலைக்குப் போனாள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனாள். லைன் லீடர் சுகுமாறன் என்கிற பையனிடம் போய், தன்னால் டேக்குக்காகக் காத்திருக்க முடியாது, எழுந்து போய்விடுவேன், மேலே புகார் எழுதிக்கொடுக்க வேண்டுமானால் எழுதிக்கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவனும் இரண்டு தடவை எழுதிக்கொடுத்தான். மூன்றாவது தடவை அவளோடு இன்னும் நாலு பெண்கள் எழுந்து போனார்கள். அத்தோடு அவன் கண்டுகொள்வதை விட்டுவிட்டான். டேக் இன்னும் அங்கேதான் தொங்குகிறதாம், யாரும் எடுப்பதில்லை.

வலி ஒரே நாளில் பறந்துவிடவில்லை. நன்றாக இருந்துவிட்டு, மாதவிடாய் வருகிற நாட்களில் மறுபடி பிடித்துக்கொள்ளும். இரண்டு தடவை என்னிடம், போதும் அண்ணி, ஆபரேஷனே செய்துகொள்கிறேன் என்று அழுதிருக்கிறாள். ஆனால் மார்கழி முடிவதற்குள் பஸ்ஸில் பாதி வழி உட்கார்ந்து போனாள். பொங்கலன்று காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதுகைச் சாய்த்து, சாவகாசமாக.

அம்மாவுக்கு முகம் கடுகடுத்துக்கொண்டிருந்தது. சமையலறைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்த்தாயா, இப்போதெல்லாம் மரியாதை போய்விட்டது என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

விசாலி சொன்னபடி வேறொரு டாக்டரிடமும் ஸ்கேனைக் காட்டினோம். அந்த டாக்டரம்மா அதைப் பொறுமையாகப் பார்த்து, இதில் எடுத்தே தீர வேண்டியது ஒன்றும் இல்லை, தசைக்குச் சிகிச்சை நடக்கட்டும் என்றார். வீட்டில் சொன்னோம். ஒருவர் எடு என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார், பெரிய டாக்டர் சொன்னதைத்தானே கேட்க வேண்டும் என்றான் ஜெயபாலன். பெரிய கட்டடத்தில் இருந்தால் பெரிய டாக்டர்.

தைப்பூசம் முடிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அந்தத் தனியார் மருத்துவமனையில் வரச் சொல்லியிருந்தார்கள். என் வேனில்தான் போனோம். நிபுணரின் அறையில் இரண்டே நாற்காலி. அம்மா ஒன்றில் உட்கார்ந்தார். ஜெயபாலன் மற்றதை நோக்கிப் போனான். தனலெட்சுமி அவனுக்கு முன்னால் போய் அதில் உட்கார்ந்தாள். டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே, முந்தின இரவிலிருந்து சாப்பிடக் கூடாது, இந்த மாத்திரை வேண்டாம், அந்த மாத்திரை வேண்டாம் என்று என் தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக, கணவருக்குச் சம்மதம்தானே என்று ஜெயபாலனைக் கேட்டார். அவன் சம்மதம் என்றான்.

"டாக்டர், கர்ப்பப்பை அவருக்கு இல்ல. எனக்குத்தான் இருக்கு," என்றாள் தனலெட்சுமி. "எனக்குச் சம்மதம் இல்ல. நான் எடுக்கல."

டாக்டர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். வலி திரும்ப வந்தால் வருத்தப்படுவீர்கள் என்றார். வருத்தப்பட்டால் நான் படுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். குரல் உயரவில்லை. நான் கைதட்டியிருப்பேன், மருத்துவமனை ஆயிற்றே என்று பேசாமல் வந்தேன்.

வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜெயபாலன் என் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தான். பின்னால் அம்மாவும் தனலெட்சுமியும். தெப்ராவ் சாலையில் வண்டிகள் நகரவில்லை. அம்மா இப்போது ஏதாவது ஆரம்பிப்பார், ஆரம்பித்தால் இன்றைக்கு அவரைச் சும்மா விடுவதில்லை என்று நான் பதில்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எடுக்கும்போது என்னைய யாரும் கேக்கல," என்றார் அம்மா.

எனக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டேன். கர்ப்பப்பையை என்றார். ஜெயபாலன் பால்குடி மறந்த வருடமாம். கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் அப்போது அப்பாவும் அம்மாவும் ரப்பருக்குப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடிவயிற்றில் வலி என்று படுத்தபோது பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அப்பாவிடம் சொன்னார், அப்பா சரி என்றார். மயக்கம் தெளிந்த பிறகு நர்ஸ் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அம்மாவின் மூத்த மகள், எனக்கு நாற்பத்தெட்டு வயது, இதை இந்த நெரிசலில் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஜெயபாலன் திரும்பி அம்மாவைப் பார்த்தான், பிறகு முன்னால் திரும்பி மடியைப் பார்த்துக்கொண்டான்.

"வலி போச்சா அத்தை?" என்று கேட்டாள் தனலெட்சுமி.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இல்ல. போகல. இப்பவும் இருக்கு."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "அப்புறம் ஏம்மா இவளச் செய்யச் சொன்னீங்க?" என்று கத்திவிட்டேன்.

"வேற என்ன செய்வாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?" என்றார் அம்மா.

அன்றைக்கு எல்லாருக்கும் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது, டாக்டருக்கு, தம்பிக்கு, அந்தத் தொழிற்சாலைக்கு. இதற்கு இல்லை. அப்பா செத்துப் போய்விட்டார். அந்த டாக்டர் யாரென்றே தெரியாது. இத்தனை வருடத்து வலிக்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? முன்னால் வண்டிகள் நகர்ந்துவிட்டன, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுக்கவில்லை. தனலெட்சுமி அம்மாவிடம், எந்த இடத்தில் அத்தை வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.